தாடைக் கட்டியும் ஒரு பழைய உப்பும்

"தாடை கல்லாயிருச்சா? மாட்டை வித்துரு." எங்க தாத்தா சொல்ற வைத்தியம் இவ்வளவுதான். கம்பம் பக்கத்து ஆளு. அவரு சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு வரலாறு இருக்கு மக்களே.

மாட்டுத் தாடை எலும்பு வீங்கும், அப்புறம் ஒடைஞ்சு சீழ் வடியும். ஐரோப்பாவுல ரொம்ப நாளா இதைப் புற்றுநோய் வகையில சேத்து வச்சிருந்தாங்க. 1877ல ஜெர்மனியில போலிங்கர், அந்தச் சீழ்ல இருந்த மஞ்சள் குருணைகளை மைக்ராஸ்கோப்புல பாத்து இது தொற்றுன்னு சொன்னாரு. தாவரவியலாளர் ஹார்ஸ் அதுக்கு 'ஆக்டினோமைசிஸ் போவிஸ்'னு பேரு வச்சாரு. கதிர்ப் பூஞ்சைன்னு அர்த்தம். ஆனா அது பூஞ்சை இல்ல, பாக்டீரியா!

இந்தக் கிருமி வெளியூர்ல இருந்து வர்றதில்ல, மாட்டு வாய்லயே குடியிருக்கு. சொரசொரப்பான தட்டையோ மலைமாடு மேயுற காட்டு முள்ளோ வாயைக் கீறிட்டா, அந்தப் புண்ணு வழியா எலும்புக்குள்ள எறங்கிடும். பல்லு முளைக்கிற எடமும் ஒரு வாசல்தான்.

1885ல நெதர்லாந்துக்காரர் தோமாசன் பொட்டாசியம் அயோடைடு உப்பைக் குடுத்துப் பாத்தாரு. பெனிசிலின் கண்டுபிடிக்கவே இன்னும் 43 வருஷம் இருந்துச்சு. சில மாடு சட்டுனு தேறுச்சு, சிலது தேறல. ஏன்? 1902ல அர்ஜென்டினாவுல லினியரும் ஸ்பிட்ஸும் விடை சொன்னாங்க. நாக்கு மரக்கட்டையா எறுகிப் போற நோய்க்கு வேற பாக்டீரியா. நம்ம பாஷையில சொன்னா, ஒரே எரர் மெசேஜ், பின்னாடி ரெண்டு பக் :-) நாக்குல, சதையில வர்றது அயோடைடுக்கு சீக்கிரம் கேக்கும். எலும்புல வர்றது லேசுல கேக்காது.

இன்னைக்கும் டாக்டருங்க சோடியம் அயோடைடை நரம்புல மெதுவா ஏத்துறாங்க, 7-10 நாள் கழிச்சு மறுபடியும். கூடவே ஆன்டிபயாடிக். கண்ணுல தண்ணி, தோல்ல பொடுகு தெரிஞ்சா அயோடின் கூடிருச்சுன்னு நிறுத்துவாங்க. சினை மாடுன்னா முன்னாடியே சொல்லிடணும்.

வீங்கின எலும்பு பழையபடி ஆகாது. தாத்தா சொன்னதுல சரியான பாதி இதுதான். ஆனா நோயை அங்கயே நிறுத்த முடிஞ்சா, மாடு மென்னு தின்னும், பால் கறக்கும். பல்லு ஆடி, தீனி எடுக்க முடியாம போனா ரொம்ப லேட்டு.

அதனால கடவாய்ப் பல்லு பக்கம் தாடையில அசையாத, கெட்டியான, வலிக்காத வீக்கம் தெரிஞ்சா, சூடு போடாதீங்க, சந்தைக்கும் ஓட்டாதீங்க. மொதல்ல கால்நடை மருந்தகம். 2020ல இருந்து தேனியிலயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு? பின்னூட்டத்துல சொல்லுங்க.