குருதியில் ஒளிந்திருந்த காவலன்

புண்ணின் மீது ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரை பொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குருதியிலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அப்பொருளை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. வெளிவரும் ஆக்சிஜனே நுரையாகிறது. 1818இல் அப்பொருளைக் கண்டறிந்த பிரெஞ்சு வேதியியல் அறிஞர் தெனார், விலங்குத் திசுக்கள் அதைச் சிதைப்பதையும் கவனித்தார். ஆனால் நம் உடலுக்கு இத்தகைய நொதி எதற்கு? முழு விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

1938இல் கேம்பிரிட்ஜில் மான், கெய்லின் என்ற இருவர், மாட்டின் செங்குருதி அணுக்களிலிருந்து செம்பு கலந்த நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதன் வேலை என்னவென்று விளங்கவில்லை. செம்பைச் சேமிக்கும் பண்டகம் போலும் என்று கருதப்பட்டது. 31 ஆண்டுகளுக்குப் பின், 1969இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரிடோவிச்சும் அவருடைய மாணவர் மக்கார்டும் அதன் உண்மைத் தொழிலை வெளிப்படுத்தினர்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பகுதி, ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்று சூப்பராக்சைடு ஆகிறது. இந்த நீலப் புரதம் அதைப் பெராக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் மாற்றுகிறது. அந்தப் பெராக்சைடைக் கேட்டலேஸ் போன்ற நொதிகள் நீராக்குகின்றன. இக்காவல் தளர்ந்தால் மரபுப்பொருளான டி.என்.ஏ. சிதைவுறக்கூடும். அத்தகைய சிதைவு புற்றுநோய்க்கு வித்தாகலாம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

எனவே ஆய்வாளர்களின் பார்வை புற்றுநோய்ப் பக்கம் திரும்பியது. பல புற்றணுக்களில் இந்நொதியின் மாங்கனீசு வகை குறைந்திருப்பதை 1979இல் ஓபர்லி, பியூட்னர் ஆகியோர் எடுத்துக்காட்டினர். நோயாளிகளின் குருதியையும் பலர் அளந்தனர். சில ஆய்வுகளில் நொதிகள் குறைந்திருந்தன, சிலவற்றில் மிகுந்திருந்தன. இதில் வியப்பில்லை. முதிர்ந்த செங்குருதி அணுவுக்கு உட்கரு இல்லை. சுமார் 120 நாள் வாழும் அது புதிய நொதியை ஆக்க இயலாது. மேலும் உணவு, புகைப்பழக்கம், மருத்துவம் ஆகியவையும் அளவை மாற்றும். நொதி குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் நொதி குறைந்ததா என்பதை அந்த எண் மட்டும் கூறாது.

அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளை உண்டால் நோயைத் தவிர்க்கலாம் அல்லவா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் இதைச் சோதித்தனர். 1994இல் முடிவு வெளிவந்தது: பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம்! அமெரிக்காவிலும் இத்தகைய சோதனை ஒன்றில் 28 விழுக்காடு அதிகரிப்புக் காணவே, 1996இல் அதை முன்கூட்டியே நிறுத்தினர். இத்தகைய தடுப்பிகள் நுரையீரல் புற்றின் வளர்ச்சியை விரைவுபடுத்துவதை 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டனர். வீட்டுக்காரனைக் காக்கும் காவலன், உள்ளே புகுந்த திருடனையும் காத்துவிடுகிறான்!

ஆகவே, மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்னும் விளம்பரத்தைக் கண்டால் இவ்வரலாற்றை நினைவுகூருங்கள். சிகிச்சையில் இருப்பவர் அத்தகைய மாத்திரையை நாடினால், முதலில் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்.