பாரோ

பண்டைய எகிப்து தேசத்து மன்னனைக் குறிக்கும் ‘பாரோ’ என்னும் சொல், ஆதியில் எந்த மனிதனையும் குறித்ததில்லை. ‘பெர்’ என்றால் வீடு, ‘ஆ’ என்றால் பெரியது; ஆகவே ‘பெர்-ஆ’ என்பது ‘பெரிய வீடு’, அதாவது அரண்மனையும் அதைச் சார்ந்த ராஜாங்கமும் என்றே பொருள்பட்டது. கீழ்ப்புறம் வாயில் திறந்த நீள்சதுர மனைப்படம் ஒன்றும், அதனருகே ஒரு தூணும் வரைந்து எகிப்திய எழுத்தர்கள் இச்சொல்லை எழுதினர். மன்னன் பெயரை நேரே உச்சரியாமல், அவன் வாசஸ்தலத்தைச் சொல்லி அவனையே உணர்த்தும் மரியாதை வழக்கு 18-ஆம் வம்ச காலத்தில், கி.மு. 15, 14-ஆம் நூற்றாண்டுகளில் வேரூன்ற, இருப்பிடத்தின் பெயர் இருப்பவனுக்கு ஆகிவந்தது. இதனைத் தமிழ் இலக்கணிகள் இடவாகுபெயர் என்பர்.

கோயிலையும் எகிப்தியர் ‘தெய்வத்தின் மாளிகை’ என்றே அழைத்தனர்; அதன் சுவர்ச் சிற்பங்களில் தெய்வத்துக்கு நைவேத்தியம் படைப்பவனாகக் காணப்படுபவன் மன்னனே ஆதலின், நித்திய பூஜை நடத்திய புரோகிதர்கள் அவனுடைய பிரதிநிதிகளாகவே கருதப்பட்டனர். எபிரேய வேதத்தின் வழியாகத் தமிழ் விவிலியத்தில் ‘பார்வோன்’ என்றும், அரபு மொழியின் வழியாகத் தமிழ் முஸ்லிம்களிடையே ‘ஃபிர்அவ்ன்’ என்றும் ‘பாரோ’ என்னும் சொல் வழங்கிவருகிறது.