எளிய வினையும் அகராதித் தொழிலும்

ஆங்கிலத்தில் ஒருமொழி அகராதி, அதாவது ஒரு மொழியின் சொல்லுக்கு அதே மொழியில் பொருள் கூறும் நூல், அருஞ்சொற்களை விளக்கும் சிறு கையேடாகவே பிறந்தது. 1604இல் இராபர்ட் காட்ரி என்னும் பள்ளியாசிரியர் வெளியிட்ட முதல் அகராதியில் ஏறத்தாழ 2,500 சொற்களே இருந்தன. அவற்றுள் மிகப் பல இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து வந்து கற்றோர் எழுத்தில் புழங்கியவை. உழவரும் கொத்தரும் நாள்தோறும் பேசிய 'செட்', 'டேக்', 'ரன்' போன்ற ஓரசை வினைகளுக்கு யாரும் பொருள் கேட்கவில்லை. ஆதலால் அவை அகராதிக்கு வெளியிலேயே நின்றன. ஜான் கெர்சி தொகுத்ததாகக் கருதப்படும் 1702ஆம் ஆண்டு அகராதிதான் அன்றாடச் சொற்களையும் முறையாகச் சேர்த்துக்கொண்டது. அந்த வாயில் திறந்த பிறகு, ஆங்கில அகராதியியல் எதிர்கொண்ட மிகப் பெரும் இடர்ப்பாடு அருஞ்சொற்களிடமிருந்து வரவில்லை, அனைவரும் அறிந்த சின்னஞ்சிறு வினைகளிடமிருந்தே வந்தது; இத்தொழிலின் முறைகள் செம்மைப்பட்டதும் பெரிதும் அவற்றால்தான்.

இவ்விடர்ப்பாட்டை முதலில் முழுமையாக உணர்ந்தவர் சாமுவேல் ஜான்சன். இலண்டனின் காஃப் சதுக்கத்து வீட்டில் ஆறு எழுத்தர்களின் துணையுடன் உழைத்து அவர் 1755இல் வெளியிட்ட அகராதி 42,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டிருந்தது. நூல்களிலிருந்து எடுத்த மேற்கோள்களைப் பொருளுக்குச் சான்றாகக் காட்டும் வழக்கத்தை ஆங்கிலத்தில் நிலைநாட்டியதும் அதுவே. 'டேக்' என்னும் ஒரு வினைக்கு மட்டும் அவர் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களைப் பிரித்துக் காட்டினார். இத்தகைய வினைகளின் பொருள் எல்லையற்று விரிந்து கிடப்பதையும், பேச்சில் அவை நாளும் மாறிக்கொண்டே இருப்பதால் எந்த விளக்கத்துக்கும் முற்றாக அடங்காததையும் அவர் தம் முன்னுரையில் வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

அடுத்த நூற்றாண்டில் இப்பணி ஒரு தனிமனிதரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாக வளர்ந்தது. 1857இல் இலண்டன் மொழியியல் கழகத்தில் ரிச்சர்டு செனெவிக்ஸ் டிரெஞ்ச் நிகழ்த்திய உரைகள் அன்றைய அகராதிகளின் குறைகளைச் சுட்டிக்காட்ட, ஒவ்வொரு சொல்லின் வாழ்க்கை வரலாற்றையும் அது தோன்றிய காலத்திலிருந்து எழுதும் திட்டம் உருப்பெற்றது. பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி என அழைக்கப்பட்ட அந்நூலின் ஆசிரியராக ஜேம்ஸ் மர்ரே 1879இல் பொறுப்பேற்றார். மில் ஹில்லில் தம் வீட்டருகே எழுப்பிய இரும்புக் கொட்டகைக்கு 'ஸ்கிரிப்டோரியம்', அதாவது எழுத்துக்கூடம், என்று பெயரிட்ட அவர், தன்னார்வ வாசகர்கள் அனுப்பிய சொற்சீட்டுகளை அங்கிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றறைகளில் அடுக்கினார். சொற்சீட்டு என்பது ஒரு சொல்லையும், அது வரும் வாக்கியத்தையும், நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகிய விவரங்களையும் தாங்கிய சிறு தாள். பல்லாண்டுகளில் சேர்ந்த இத்தகைய தாள்கள் இலட்சக்கணக்கில் பெருகின.

ஆனால் அந்தக் குவியலில் ஒரு பெருங்குறை இருந்தது. வாசகர்கள் தம் கண்ணுக்குப் புதுமையாகப் பட்ட சொற்களை ஆர்வத்துடன் படியெடுத்தார்களே தவிர, வரிதோறும் வரும் பழகிய சொற்களை எடுத்து எழுதத் தோன்றாமல் கடந்து சென்றார்கள். வழக்கொழிந்த 'அப்யூஷன்' என்னும் பெயர்ச்சொல்லுக்கு ஏறத்தாழ 50 சீட்டுகள் இருக்க, எங்கும் வழங்கும் 'அப்யூஸ்' என்னும் சொல்லுக்கு ஐந்துகூட இல்லை என்று மர்ரே வருந்தினார். இதனால் எளிய சொற்களுக்கான சான்றுகளை அவரும் உதவியாளர்களும் தாமே நூல்களில் தேட நேர்ந்தது. வாசகர்களுக்கு அவர் விடுத்த வேண்டுகோளிலும், பழகிய சொற்கள் சிறப்பான பொருளில் வரும் இடங்களைக் குறித்தனுப்புமாறு வற்புறுத்தினார். எளிய சொல்லையும் அருஞ்சொல்லுக்கு நிகரான கவனத்துடன் படிக்க வேண்டும் என்னும் நெறி இவ்வாறுதான் தொழிலின் நடைமுறையாயிற்று.

அந்நெறியின் உச்சம் 'செட்' என்னும் வினைக்கான பதிவாகும். அதைத் தொகுக்கும் பொறுப்பு, அகராதியின் இரண்டாம் ஆசிரியரான ஹென்றி பிராட்லியிடம் வந்தது. பல்கலைக்கழகம் செல்லாமல் தாமே பல மொழிகளைக் கற்ற அவர், ஷெஃபீல்டு நகரில் கத்தி வகைகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர். 'செட்' என்பது, அமர்தலைக் குறிக்கும் 'சிட்' என்னும் தன்வினையின் பிறவினை வடிவமாகப் பண்டைய ஜெர்மானிய மொழியிலேயே தோன்றியது. 'அமரச் செய்' என்பதே அதன் மூலப் பொருள். அந்த ஒற்றை வேரிலிருந்து, பொருத்துதல், நிலைநிறுத்துதல், வரையறுத்தல், இறுகுதல் எனப் பொருள்கள் கிளைத்தன.

இக்கிளைப்புக்குத் தொழிலாளர் வழக்கே பெருங்காரணம். நகைத் தொழிலாளர் கல் பதிப்பதையும், அச்சகத்தார் எழுத்துக் கோப்பதையும், எலும்பு வைத்தியர் முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதையும், வேட்டைக்காரர் பொறி வைப்பதையும், தோட்டக்காரர் கன்று நடுவதையும், தச்சர் இரம்பப் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இருபுறமும் சாய்ப்பதையும் ஒரே வினையால் குறித்தார்கள். காரை இறுகுவதும், கதிரவன் மறைவதும், விலை குறிக்கப்படுவதும்கூட அதன் எல்லைக்குள் வந்தன. இதனுடன் இலக்கண மாற்றம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன் ஒட்டி நின்ற முன்னொட்டுகள் பல காலப்போக்கில் மறைய, 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'இன்' போன்ற இடைச்சொற்கள் வினையை அடுத்து நின்று புதுப்பொருள் தரத் தொடங்கின. நிறுவுவதும், புறப்படுவதும், மழைக்காலம் தொடங்குவதும் இவ்வகைக் கூட்டுவினைகளாயின.

மர்ரே 1915இலும் பிராட்லி 1923இலும் காலமாக, பத்தாண்டுகளில் முடியும் என்று எதிர்பார்க்கப்பட்ட பணி 1928இல்தான் நிறைவுற்றது. 4,14,825 சொற்களை விளக்கிய அந்த முதற்பதிப்பில் மிக நீண்ட பதிவாக அமைந்த 'செட்', 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பிலும் அவ்விடத்தை இழக்கவில்லை. அங்கு அவ்வினை 430 பொருள்களுடன் ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கப்பட்டிருந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப்பணியில் 2000இல் 'மேக்', 2007இல் 'புட்', 2011இல் 'ரன்' என முதலிடம் அடுத்தடுத்துக் கைமாறியது. 'ரன்' என்னும் வினையை ஆராய்ந்த பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதங்களைச் செலவிட்டு அதன் 645 பொருள்களை வகைப்படுத்தினார். இயந்திரம் இயங்குவது, தொடர்வண்டி ஓடுவது, நிறுவனத்தை நடத்துவது, கணினியில் நிரல் செயற்படுவது என்று தொழிற்புரட்சிக்குப் பிந்தைய உலகம் தன் இயக்கங்கள் பலவற்றுக்கு அந்தப் பழைய வினையையே தேர்ந்துகொண்டது அதன் விரிவுக்கு ஒரு முதன்மையான காரணம்.

முதலிடம் பெற்ற இந்நான்கு வினைகளும் காட்ரி காலத்தில் விளக்கமே வேண்டாதவையாகக் கருதப்பட்டவை என்பது எண்ணத்தக்கது. அறிஞர் ஆக்கும் கலைச்சொல் பெரும்பாலும் ஒரு பொருளோடு நின்றுவிட, கைத்தொழிலாளரும் வணிகரும் இல்லத்தாரும் தம் புதிய தேவைக்குப் பழைய வினையையே மீண்டும் எடுத்தாள்கிறார்கள். ஆகவே எளிய வினையின் நீண்ட பதிவு, ஏட்டில் பெயர் பதியாத அம்மக்களின் உழைப்புக்கும் வாழ்வுக்குமான வரலாற்று ஆவணமாகிறது. அதை எழுதுவதற்கு மாதக்கணக்கில் உழைப்பதை அகராதித் தொழில் தன் தலையாய கடமையாக ஏற்றது முற்றிலும் நியாயமானதே.