தண்ணீர் எஞ்சினீயரும் எண்ணெய் எஞ்சினீயரும்

எங்கள் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எஞ்சினீயர் என்று சொன்னால் ஜனங்களின் மனத்தில் தோன்றும் முகம் ஒன்றுதான். அது மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரரின் முகம். கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனால் டீக்கடையிலும் அரிசி ஆலையிலும் அந்தப் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்க்கலாம். அவர் பிறந்த தேதியான ஜனவரி 15ல் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடலூரை அடுத்த லோயர் காம்ப்பில் 2013ஆம் வருஷம் அவருக்கு மணிமண்டபமே திறந்தார்கள். அவர்தான் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக்.

எங்கள் கிராமத்திலேயே இன்னொரு எஞ்சினீயர் இருக்கிறார். முப்பத்தாறு வருஷம் எண்ணெய்த் தொழிலில் இருந்து, 2009ல் ஓய்வு பெற்று, ஊரோடு வந்துவிட்டவர். அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவரைப் பெற்ற தாயாரே கடைசி வரையில், "எம் மகன் பெட்ரோல் பங்க்கில பெரிய வேலையில இருக்கான்" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஒருநாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்கள் தொழிலைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன், அண்ணே" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"என்னத்தைத் தம்பி எழுதுறது? மாசமாசம் சம்பளம் வாங்குனேன். தங்கச்சிகளைக் கட்டிக் கொடுத்தேன். புள்ளைகளைப் படிக்க வச்சேன். அவ்வளவுதான்."

ஒரே மண்ணில் ஒரு எஞ்சினீயருக்கு மணிமண்டபம். மற்றவருக்குப் பெட்ரோல் பங்க். இது ஏன் என்ற கேள்வி எனக்குள் புகுந்துகொண்டது. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். இயந்திர சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் ஒரு தொழிலை எப்படிக் கற்கிறான், அது அவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது கதை எழுதுகிறவனுக்கும் உரிய விஷயம்தானே?

முதலில் தண்ணீர் எஞ்சினீயர். மேற்கே வீணாக ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை பென்னிகுவிக்குக்கு முன்பே நூறு வருஷப் பழசு. ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789லேயே அதைப் பற்றி ஆராய ஆள் அனுப்பியதாகச் சரித்திரம் சொல்லுகிறது. 1808ல் ஒரு கும்பினி அதிகாரி மலையேறிப் பார்த்துவிட்டு, இது வெறும் கனவு என்று எழுதிவைத்தார். பிறகு திட்டம் மேல் திட்டம் வந்தது. 1887ல் வேலை தொடங்கி, காய்ச்சலுக்கும் காலராவுக்கும் எத்தனையோ கூலியாட்களைப் பலிகொடுத்து, 1895ல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வைகைக்குத் தண்ணீர் வந்தது. பேரணையில் பிரியும் கால்வாய் எங்கள் மேலூர் வரையில் வருகிறது. அணையைக் கட்டியது சென்னை சர்க்காரின் பணம். ஆனாலும் அவர் மனைவியின் நகையை விற்றுக் கட்டினார் என்று சொன்னால்தான் எங்கள் ஜனங்களுக்குத் திருப்தி. அன்புக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை.

இதில் நம்மவர்கள் அதிகம் பேசாத சங்கதி ஒன்று உண்டு. அணை முடிந்த மறு வருஷம், 1896ல், பென்னிகுவிக் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்திலிருந்த எஞ்சினீயரிங் கல்லூரிக்குத் தலைவரானார். இந்தியாவின் மராமத்து இலாகாவுக்கு எஞ்சினீயர்களைத் தயாரித்து அனுப்புவதற்கென்றே ஏற்பட்ட கல்லூரி அது. இந்தியாவில் வேலை, படிப்போ இங்கிலாந்தில். இந்தியனுக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். தண்ணீர் நமக்கு வந்தது. அதைக் கொண்டுவரும் வித்தை அவ்வளவு சுலபமாக வரவில்லை.

எண்ணெயின் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மண்ணெண்ணெய்க்கு எங்கள் பாட்டி சொன்ன பெயர் சீமெண்ணெய். சீமையிலிருந்து வந்தது என்று பொருள். உண்மையில் அந்நாளில் அதில் பெரும்பகுதி வந்தது பர்மாவிலிருந்து. ஐராவதிக் கரையில் ஏனாஞ்சாங் என்று ஒரு ஊர். நாற்றமடிக்கும் நீரோடை என்பது அந்தப் பெயருக்கு அர்த்தம். அங்கே இருபத்து நான்கு குடும்பங்கள் பரம்பரைப் பாத்தியதையோடு கையால் கிணறு தோண்டி, கயிற்றில் இறங்கி, எண்ணெய் இறைத்துவந்தன. 1886ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் பர்மா ஆயில் கம்பெனியை ஏற்படுத்தினார்கள். கயிறு போய் இயந்திரம் வந்தது. இயந்திரத்தின் பிடி அமெரிக்கர்கள் கையில். கணக்குப் புஸ்தகம் ஸ்காட்லாந்துக்காரர்கள் கையில். ரங்கூனுக்குக் கப்பலேறிய நம் தென்னாட்டார் துறைமுகத்திலும் ஆலைகளிலும் சுமை தூக்கினார்கள். எங்களுக்குப் பக்கத்துச் செட்டிநாட்டார் அதே பர்மாவில் நெல் விளைவிப்பவனுக்குக் கடன் கொடுத்துச் செழித்தார்கள். எண்ணெய்க் கிணற்றின் சூட்சுமம் மட்டும் எந்தத் தமிழன் கைக்கும் வரவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியப் படை நெருங்கியபோது, பிரிட்டிஷார் ஏனாஞ்சாங் கிணறுகளைத் தாங்களே நாசம் செய்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

இந்தியாவுக்குள் அஸ்ஸாமின் டிக்பாயில் 1889லேயே துளைபோட ஆரம்பித்து, 1901ல் சுத்திகரிப்பு ஆலையும் வைத்தார்கள். அதுவும் கம்பெனி ராஜ்யம்தான்.

சுதந்திரம் வந்தபிறகுதான் பாடம் தொடங்கியது. கேசவ தேவ மாளவியா என்ற மந்திரி, நம் எண்ணெயை நாமே தேட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1956 ஆகஸ்டில் எண்ணெய், இயற்கை வாயுக் கமிஷன் ஏற்பட்டது. அதன் தலைமையிடம் டேராடூன். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே? சோவியத் நிபுணர்கள் வந்தார்கள். 1957ல் ஜ்வாலாமுகியில் முதல் கிணறு. பல நூறு வருஷமாகப் பாறையிடுக்கில் தானாகவே தீ எரிகிற கோயில் உள்ள இடம் அது. ஆனால் லாபத்துக்கு எடுக்கும் அளவு எண்ணெய் அகப்படவில்லை. மாணவனின் முதல் பரீட்சையே தோல்வி! ஆனாலும் அந்தத் தோல்வியை நம்மவர்களே தங்கள் கையால் செய்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1958 செப்டம்பரில் குஜராத்தில் காம்பே பக்கம் லுனேஜ் என்ற கிராமத்தில் எண்ணெய் வந்தது. 1960ல் அங்கலேஸ்வரில் அதைவிடப் பெரிதாக வந்தது. அங்குள்ள கிணற்றுக்கு நேரு வசுதாரா என்று பெயரிட்டார்.

அதே சமயத்தில் பள்ளிக்கூடங்களும் முளைத்தன. தன்பாத் சுரங்கக் கல்லூரியில் பெட்ரோலிய எஞ்சினீயரிங் படிப்பு 1957ல் வந்தது. டேராடூனில் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான நிலையம் 1962ல் வந்தது. எங்கள் பக்கத்தில், காரைக்குடியில் அழகப்ப செட்டியார் 1952லேயே எஞ்சினீயரிங் கல்லூரி வைத்தார். மதுரையில் கருமுத்து தியாகராஜ செட்டியார் திருப்பரங்குன்றத்தில் வைத்த கல்லூரி 1957ல் தொடங்கியது. அதற்கு முன் இந்தப் படிப்புக்கு எங்கள் பையன்கள் கிண்டிக்கோ கோயமுத்தூருக்கோ பெட்டி கட்ட வேண்டும்.

நம் அண்ணன் மதுரையில் இயந்திரவியல் படித்து 1972ல் வெளியே வந்தவர். மறு வருஷம் உத்தியோகம். முதலில் டேராடூனில் பயிற்சி. பிறகு குஜராத்தில் ஒரு ரிக். "முதல்ல என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன்.

"சேறு" என்றார்.

எண்ணெய்க் கிணற்றில் சேறு என்றால் விளையாட்டு இல்லை. களிமண்ணும் கனமான தாதுப்பொடியும் தண்ணீரில் கலந்து, துளையிடும் குழாய் வழியே கீழே அனுப்புகிறார்கள். அது அடியில் கிடக்கும் கல்துகளை வாரிக்கொண்டு மேலே வரும். துளைக்கும் முனையைக் குளிரவைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூமிக்குள்ளிருந்து முட்டிக்கொண்டு வரும் வாயுவைத் தன் பாரத்தால் அமுக்கி வைக்கும். பாரம் குறைந்தால் வாயு மேலே பாயும். கூடினால் பாறை வெடித்துச் சேறு பூமிக்குள் ஓடிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே இரவும் பகலும் நிற்பதுதான் உத்தியோகம். 1995 ஜனவரியில் ஆந்திராவின் பாசர்லபூடியில் ஒரு கிணறு இப்படிச் சீறித் தீப்பற்றி, 65 நாள் எரிந்தது.

ஆகவே இந்தத் தொழிலில் படிப்பு முடிவதே இல்லை. கிணற்றை அடக்கும் வித்தையில் சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபடியும் பரீட்சை. தேறாவிட்டால் ரிக்கில் பொறுப்பான இடத்தில் நிற்க முடியாது. 1988 ஜூலையில் ஸ்காட்லாந்துக் கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் மாண்டார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்த செய்தி இரவு முறைக்கு வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதே பம்பை அவர்கள் ஓட்டினார்கள். அதன் பிறகு உலகமெங்கும் வேலைச் சீட்டு முறை கடுமையாயிற்று. "நாங்க படிச்ச பாடத்துல பாதி, செத்தவன் எழுதி வச்சது தம்பி" என்றார் அவர். ஐம்பத்தைந்து வயதிலும் பரீட்சை எழுதியிருக்கிறார்.

உத்தியோகம் உயர்ந்தது. கடலுக்குப் போனார். 1974ல் சாகர் சாம்ராட் என்ற ரிக் பம்பாய்க்கு மேற்கே கடலடியில் எண்ணெய் கண்ட பிறகு, அந்தக் கடல் நம் எஞ்சினீயர்களுக்கு ஒரு சர்வகலாசாலை ஆயிற்று. பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் கரையில். 1973ல் எண்ணெய் விலை பலமடங்கு ஏறியதிலிருந்து அரபு நாடுகளின் கதவும் திறந்தது. கூடப் படித்தவர்களில் பலர் அங்கே போனார்கள். அவர் போகவில்லை. ஆனாலும் வீட்டைப் பொறுத்தவரை எல்லாம் ஒன்றுதான். தகப்பனார் இறந்தபோது அவர் கடல் மேடையில் இருந்தார். மழைக்காற்றில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. வீடு வந்து சேர்ந்தது, பால் ஊற்றிய நாளுக்கும் மறுநாள். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை; தேதியோடு சொன்னார், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் எண்ணெய் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. காவிரிப் படுகையில் 1960களிலேயே துளைக்க ஆரம்பித்து, 1980களின் நடுவில் நரிமணத்தில் எண்ணெய் கண்டார்கள். 1993ல் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிறிய சுத்திகரிப்பு ஆலை வந்தது. ராமநாதபுரச் சீமையில் கிடைத்த வாயுவைக்கொண்டு வழுதூரில் மின்சாரம் எடுக்கிறார்கள்.

ஆனால் ஊருக்குப் பக்கத்தில் எண்ணெய் வந்தபோது, ஊர் மாலையோடு வரவில்லை. 2017ல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் வாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் வாரக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். அதே வருஷம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து எண்ணெய் வயலில் பரவியது. 2020ல் சட்டசபை டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை போட்டது. அப்போது அண்ணனின் சொந்தத் தம்பியே, உழுகிறவர், திண்ணையில் வைத்துக் கேட்டாராம்: "ஏண்ணே, இதுதான் நீ இத்தனை வருசம் பார்த்த வேலையா?"

"என்ன பதில் சொன்னீர்கள்?"

"சேத்தைப் பத்திச் சொன்னேன். சிமெண்ட்டு, இரும்புக் குழாய், நிலத்தடித் தண்ணியை எப்படி ஒதுக்கி மறைக்கிறோம்னு எல்லாம் சொன்னேன். அவன் கேட்டது அது இல்ல. 'தப்பா ஆகிப்போச்சுன்னா யாருகிட்ட வந்து கேக்குறது'ன்னான். பூமிக்கு அடியில ரெண்டு மைல்ல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க தம்பி. மேல நிக்கிறவன்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு யாரும் சொல்லிக் கொடுக்கல. நானும் கேக்கல."

எனக்கு என் கேள்விக்குப் பாதி விடை அங்கே கிடைத்தது. பென்னிகுவிக்கும் எங்கள் பாட்டன்மாரைக் கலந்துகொண்டு அணை கட்டவில்லை. ஆனால் அவர் கொண்டுவந்தது வயலில் வந்து நின்றது. குழந்தையும் கையை நனைத்துப் பார்க்கலாம். எண்ணெய் எஞ்சினீயர் எடுத்ததோ குழாய்க்குள்ளேயே ஓடி, எங்கோ போய், வேறு பெயரில் திரும்பி வருகிறது. கால்வாயில் தண்ணீர் வராத வருஷங்களில் எங்கள் கிணற்றை இறைத்த டீசல் எஞ்சினிலும், மின்சாரம் போன இரவுகளில் நான் படித்த சீமெண்ணெய் விளக்கிலும் அப்படிப்பட்ட யாரோ ஒருவரின் இரவு முறை எரிந்திருக்கிறது. அதை நாம் பார்க்கவில்லை. பார்க்காததற்கு நாம் மட்டும் காரணமில்லை, அவர்களும் காட்டவில்லை. இந்தத் தொழிலுக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கிற கல்லூரிகள் பாறையையும் அழுத்தத்தையும் சொல்லிக் கொடுக்கட்டும். அதோடு, உழுகிறவன் கேள்விக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்லும் பாடத்தையும் ஒரு பரீட்சையாக வைத்தால் நல்லது. தேறாதவரை அந்த இடத்தில் நிறுத்த வேண்டாம்.

மறுநாள் டீக்கடையில், "அண்ணன் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கவில்லை, கடலுக்கு நடுவே பூமியைத் துளைத்து எண்ணெயும் காஸும் எடுத்தவர்" என்று அரைமணி நேரம் விளக்கினேன். கடைக்காரர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, "அப்படியா? அப்ப சிலிண்டர் விலை ஏன் இப்படி ஏறுதுன்னு அவரைத்தான் கேக்கணும்" என்றார்.

அண்ணனிடம் அதைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க தம்பி, போய்ச் சொல்லிட்டு வருவோம்" என்று எழுந்தார்.