பார்க்கஸ்: படைமுகாம் ஊரான வரலாறு

பணி முடிந்தபின் எங்கே தங்குவது என்பது செலவுக் கணக்கு மட்டுமன்று. அதில் அரசியலும் உண்டு. ஹைதராபாத்தின் தென்பகுதியிலுள்ள பார்க்கஸ் இதற்குச் சான்று.

ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து வந்த அரபியரை 19ஆம் நூற்றாண்டில் நிஜாம் அரசு தன் படையில் அமர்த்தியது. படைவீரர் குடியிருப்பைக் குறிக்கும் ‘பாரக்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லே மக்கள் நாவில் பார்க்கஸ் ஆயிற்று. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்தியாவின் வசமானபின் நிஜாமின் படைகள் கலைக்கப்பட்டன. அரபியர் பலர் சிறைவைக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் நாடுகடத்தப்பட்டனர். எஞ்சியோருக்கு ஊதியம் இல்லை. ஆயினும் தலைக்கு மேல் கூரையும் அருகில் உறவும் இருந்தன. முகாமே முதுமைக்குரிய ஊராயிற்று.

அவர்களது உணவும் வேரூன்றியது. கோதுமையையும் இறைச்சியையும் நெடுநேரம் வேகவைத்துக் குழைத்த ஹரீஸ், காரமற்ற எளிய உணவு. அதன் வழிவந்த ஹலீம், பருப்பும் தக்காணத்து மசாலாவும் ஏற்று ரமலான் மாதத்தின் அடையாளமாயிற்று. நிஜாம் அவையிலிருந்த ஹத்ரமிப் பிரபு சைஃப் நவாஸ் ஜங் அதைப் பரப்பியவராக நினைவுகூரப்படுகிறார். 2010இல் ஹைதராபாத் ஹலீம் புவிசார் குறியீடு பெற்றது. பார்க்கஸிலோ பழைய ஹரீஸ் இன்றும் காலையுணவு. இனிப்பாகவும் உப்பாகவும் கிடைக்கிறது.

குடியேறியோர் உள்ளூர் உணவுக்குப் பழகினர் என்றே நாம் பெரும்பாலும் எழுதுகிறோம். இங்கு நகரமும் அவர்களது உணவுக்குப் பழகியது. ஆனால் ஹலீமுக்குக் கிடைத்த இடம், 1948இல் அம்மக்கள் அனைவருக்கும் கிடைக்கவில்லை. உணவு வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.