மிக்ஸிங் டெம்ப்ளேட்

மின்னணு இசைத் தயாரிப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருக்கும் ஏற்பாடுகளை ஒரே முறை செய்து சேமித்துவைத்த கோப்பு, மிக்ஸிங் டெம்ப்ளேட் எனப்படும். ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ, லாஜிக் ப்ரோ, கியூபேஸ் ஆகிய மென்பொருள்கள் அனைத்திலும் இதற்கு வசதி உண்டு. ட்ராக்குகளின் பெயர், நிறம், எந்த ஒலி எந்த வழியாக எங்கே போய்ச் சேரும் என்ற இணைப்பு, எப்போதும் தேவைப்படும் எஃபெக்டுகள் ஆகியவை அதில் இருக்கும். இசை இருக்காது.

பொதுவான அமைப்பில் டிரம்ஸ், பேஸ், சிந்த், குரல் என ட்ராக்குகள் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் பஸ் எனும் ஒரு பொது வழியில் சேர்ந்து, இறுதி வெளியீடான மாஸ்டருக்குப் போகும். நடன இசையில் கிக் எனும் அடி டிரம்மை மட்டும் மற்ற டிரம்ஸோடு சேர்க்காமல் தனியே வைப்பது நல்லது. கிக்கின் அடிநாதமும் பேஸும் ஏறத்தாழ 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. அதனால் கிக் விழும் நேரத்தில் பேஸைத் தாழ்த்தும் சைட்செயின் கம்ப்ரஸர் இந்த இசைக்கு ஏறக்குறைய இன்றியமையாதது. நிமிடத்துக்கு 128 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 468.75 மில்லிசெகண்டு, அதற்குள் பேஸ் தாழ்ந்து முழு அளவுக்குத் திரும்பிவிட வேண்டும்.

உண்மையான கிக்குக்குப் பதிலாக, மாஸ்டருக்கு அனுப்பப்படாத ஒரு குறுகிய ஒலியைத் தனி ட்ராக்கில் வைத்து, அதைக்கொண்டு கம்ப்ரஸரை இயக்குவதும் உண்டு. அப்படிச் செய்தால் கிக் நின்றுபோகும் பகுதிகளிலும் பேஸின் ஏற்றத்தாழ்வு தொடரும். கிக்கின் ஒலியை எத்தனை முறை மாற்றினாலும் அந்த அசைவு கெடாது. டெம்ப்ளேட்டில் முதலில் வைக்கவேண்டியது எது என்று கேட்டால், இந்த ட்ராக்கையே சொல்ல வேண்டும்.

ரிவர்பும் டிலேயும், மற்ற ட்ராக்குகள் தங்கள் ஒலியில் ஒரு பங்கை அனுப்பும் ரிட்டர்ன் ட்ராக்குகளில் இருக்கும்: குறுகிய அறை ரிவர்ப் ஒன்று, நீண்ட ரிவர்ப் ஒன்று, பாட்டின் வேகத்தோடு பொருந்திய டிலே ஒன்று. ரிவர்புக்கு முன்னால் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் ஒலி கலங்காது. அனுப்பும் அளவைக் கையால் ஏற்றி இறக்கி எதிரொலியையே இசையாக்கும் கலையை 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டப்பியும் மற்ற டப் இசைக் கலைஞர்களும் வளர்த்தெடுத்தார்கள். இன்றைய ரிட்டர்ன் ட்ராக்குகளை அந்தத் துணிச்சலோடு பயன்படுத்துவோர் குறைவு; அவை எட்டும் இடத்தில் ஆயத்தமாக இருந்தால் அந்த விளையாட்டு தானே தொடங்கும்.

120 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழுள்ள ஒலியை மோனோவாக்கும் கருவியையும் பேஸ் குழுவில் வைப்பார்கள். ஏனெனில் பல கிளப்களில் சப்வூஃபர்கள் மோனோவாகவே இயங்குகின்றன. வினைல் தட்டில் இடது வலது பேஸ் முரண்பட்டால் ஊசி தாவவும் கூடும்.

ஒப்பிட்டுக் கேட்பதற்கான பாட்டுக்கும் ஒரு ட்ராக் வேண்டும். அது மாஸ்டரிலுள்ள எஃபெக்டுகளைத் தொடாமல் நேரே வெளியே போக வேண்டும். அதன் ஒலியளவும் நம் மிக்ஸுக்கு இணையாகக் குறைந்திருக்க வேண்டும். உரத்த ஒலி காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும் என்பதே காரணம்.

மாஸ்டரின் உச்சத்தை மைனஸ் 6 டெசிபல் அருகே நிறுத்துவது பரவலான வழக்கம். லிமிட்டரை டெம்ப்ளேட்டில் வைத்தாலும் அணைத்தே வைக்க வேண்டும். அது இயங்கும்போது ஃபேடர்களின் சமநிலை பொய்யாகக் கேட்கும். ஈக்யூ வளைவுகளை டெம்ப்ளேட்டில் சேமிக்கவே கூடாது. ஒலி போகும் பாதை எல்லாப் பாட்டுக்கும் பொது. ஈக்யூவோ அந்தந்த ஒலியைக் கேட்ட பின்பே முடிவாக வேண்டியது. லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்றவை தாமதத்தையும் கூட்டுவதால், கீபோர்டு வாசித்துப் பதிவு செய்யும் கட்டத்தில் அவை இடையூறு.

டெம்ப்ளேட்டில் செய்யும் மாற்றம் அதிலிருந்து முன்பே தொடங்கிய பாட்டுகளைப் பாதிக்காது. ஆகவே ஒரு பாட்டு முடிந்ததும், அதில் பயன்பட்ட புதிய இணைப்பை டெம்ப்ளேட்டில் சேர்த்து, பயன்படாத ட்ராக்கை நீக்கி, தேதியிட்ட புதிய பெயரில் சேமிப்பது வழக்கம்.