சாலைப் பனிநீக்கக் கரைசல்களின் சுற்றுச்சூழல் வரலாறு

சாலைப் பனிநீக்கக் கரைசல்கள் என்பவை, குளிர்காலத்தில் சாலைகளில் பனிக்கட்டி இறுகிப் படிவதைத் தடுக்கவும், படிந்ததை உருக்கவும் தெளிக்கப்படும் நீர்மங்கள் ஆகும். சோடியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு ஆகியவற்றின் கரைசல்கள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. தூய நீர் 0 டிகிரி செல்சியசில் உறையும். எடையில் 23.3 விழுக்காடு சோடியம் குளோரைடு கலந்த உவர்நீரோ ஏறத்தாழ −21 டிகிரி வரை உறையாது. உப்பினால் நீர்நிலைகளுக்கு நேர்ந்த பாதிப்பும் உப்புச் செலவும் கரைசல்களின் பயன்பாட்டை வளர்த்தன. எனினும் அந்தப் பாதிப்பு முழுமையாக நீங்கவில்லை.

உலர் உப்பின் காலம்

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஆம்ப்சையர் மாநிலம் 1938 இல் சாலைகளில் உப்பைச் சோதனை முறையில் தூவியது. 1941-42 குளிர்காலத்தில் அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் சுமார் 5,000 டன் உப்பு தூவப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் வாகனங்கள் பெருகின. குளிர்காலத்திலும் சாலைகள் பனியின்றி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வளர்ந்தது. விபத்துகளைக் குறைக்க உப்பு உதவியதால், 1970களில் அதன் ஆண்டுப் பயன்பாடு பல மில்லியன் டன்களை எட்டியது.

வெளிப்பட்ட பாதிப்புகள்

மாசச்சூசெட்சு மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் குடிநீர்க் கிணறுகளில் உப்பு கலந்தது. இதனால் 1970 இல் அந்நகரம் சாலை உப்பைத் தடை செய்தது. நியூயார்க் மாநிலத்தின் ரோச்செசுட்டர் நகருக்கு அருகிலுள்ள ஐரண்டிக்குவாய்ட் விரிகுடா பற்றிய ஆய்வு 1971 இல் வெளியானது. இருபது ஆண்டுகளில் அங்குக் குளோரைடின் அளவு குறைந்தது ஐந்து மடங்கு உயர்ந்திருந்தது. அடர்த்தி மிகுந்த உப்புநீர் அடியில் தங்கியதால், 1970 வசந்த காலத்தில் மேல்நீரும் அடிநீரும் முழுமையாகக் கலக்கவில்லை. இவ்வாறு கலப்பது தடைபட்டால் ஆழத்திலுள்ள உயிர்களுக்கு ஆக்சிசன் கிடைப்பது குறையும்.

கரைசலுக்கு மாற்றம்

உலர் உப்பு வாகனங்களின் வேகத்தில் சிதறிச் சாலையோரம் விழுந்து வீணாகும். கரைசல் சாலையில் ஒட்டி நிற்கும். பனி பொழியும் முன்பே கரைசலைத் தெளிக்கும் முறை 1990களில் அமெரிக்காவில் விரிவாகச் சோதிக்கப்பட்டது. குறைந்த உப்பில் அதே பயனைப் பெற இம்முறை உதவியது.

கொலராடோ மாநிலத்தில் மாற்றத்திற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வழுக்கலைத் தடுக்கச் சாலையில் கொட்டிய மணல் தூளாகி டென்வர் நகரின் காற்றை மாசுபடுத்தியது. ஆகவே மெக்னீசியம் குளோரைடு கரைசல் அங்கு அதிகம் பயன்பட்டது. ஆனால் சாலையோர ஊசியிலை மரங்களின் இலைகள் குளோரைடு சேர்வதால் பழுப்பாவது பின்னர் கவலையை எழுப்பியது.

நீங்காத குளோரைடு

உலர் உப்பாகத் தூவினாலும் கரைசலாகத் தெளித்தாலும் குளோரைடு சிதைவதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988 இல் நன்னீர் உயிர்களுக்கான நீண்டகால எல்லையாக லிட்டருக்கு 230 மில்லிகிராம் குளோரைடைப் பரிந்துரைத்தது. 23.3 விழுக்காட்டு உவர்நீர் ஒரு கிலோகிராமில் சுமார் 140 கிராம் குளோரைடு உள்ளது. குளோரைடு இல்லாத 600 லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவர இதுவே போதும். நிலத்தடி நீரில் சேர்ந்த குளோரைடு மெதுவாக வெளியேறுவதால், கோடைகாலத்திலும் ஓடைகளில் உப்புத்தன்மை நீடிக்கலாம்.

மாற்றுப் பொருட்களும் தீங்கற்றவை அல்ல. கால்சியம் மெக்னீசியம் அசிட்டேட்டில் குளோரைடு இல்லை. ஆனால் அதை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரிலுள்ள ஆக்சிசன் செலவாகிறது. உவர்நீருடன் கலக்கப்படும் பீட்ரூட் சர்க்கரை ஆலைக் கழிவுச்சாறும் ஆக்சிசனைக் குறைக்கும். அதிலுள்ள பாசுபரசு பாசி வளர்ச்சியைத் தூண்டும்.

கட்டுப்பாடுகள்

கனடா அரசின் மதிப்பீடு 2001 இல் சாலை உப்புகள் சுற்றுச்சூழலுக்கு நச்சுத்தன்மை உடையவை என முடிவு செய்தது. எனினும் மனித உயிர்களைக் காக்கும் அவற்றின் பங்கு கருதி முழுத் தடை விதிக்கப்படவில்லை. 2004 இல் வெளியான நடைமுறை விதித்தொகுப்பு, உப்பைச் சேமித்தல், தூவுதல், உப்பு கலந்த பனியை அகற்றுதல் ஆகியவற்றில் பாதிப்பைக் குறைக்கும் வழிகளை வகுத்தது. தேவையான இடத்தில் தேவையான அளவு மட்டும் தெளிப்பதே இன்றும் முதன்மையான தீர்வாக உள்ளது.